மூடிய நிரலில் திறந்த கணக்கேடு இல்லை

2010 ஆகஸ்டு 15 அன்று பிட்காயின் கணக்கேட்டின் 74,638-ஆவது பிளாக்கில் வினோதமான பரிவர்த்தனை ஒன்று ஏறியது. வரவு வைத்த தொகை அரை பிட்காயின். பற்று வைத்ததோ இரண்டு முகவரிகளுக்குத் தலா 9,220 கோடி பிட்காயினுக்கும் மேல். என்றைக்கும் மொத்தம் 2.1 கோடி பிட்காயின்களுக்கு மேல் இருக்க முடியாது என்பது அந்த அமைப்பின் அடிப்படை விதி. ஒரே பரிவர்த்தனையில் 18,400 கோடிக்கு மேல் பிறந்துவிட்டது.

எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். தொகைகளை நிரல் 64 பிட் முழு எண்ணாக வைத்திருந்தது. அந்த எண்ணுக்கு உச்சவரம்பு உண்டு. தாண்டினால் சுற்றிக்கொண்டு பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். ஒவ்வொரு தொகையும் தனித்தனியே பூஜ்யத்துக்குக் கீழே இல்லையே என்று நிரல் பார்த்தது. இரண்டையும் கூட்டினால் வரம்பைத் தாண்டுமா என்று பார்க்கவில்லை. பொறுக்கி எடுத்த அந்த இரண்டு எண்களின் கூட்டுத்தொகை பூஜ்யத்துக்கு மயிரிழை கீழே போய் நின்றது. வரவு அரை பிட்காயின், பற்று பூஜ்யத்துக்கும் குறைவு, ஆகவே கணக்கு சரி என்று வலையமைப்பிலிருந்த கணினிகள் ஒப்புக்கொண்டன.

அதைக் கண்ணால் கண்டு பிறருக்குச் சொன்னவர் ஜெஃப் கார்சிக் என்ற நிரலாளர். சில மணி நேரத்தில், பிட்காயினை உருவாக்கிய சடோஷி நகமோட்டோ திருத்திய 0.3.10 பதிப்பை வெளியிட்டார். பிட்காயினை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் அதை இறக்கி ஓட்டத் தொடங்கினார்கள். புதிய பதிப்பு அந்தப் பிளாக்கை ஏற்க மறுத்து வேறு தொடரைக் கட்டியது. 74,691-ஆவது பிளாக்கில் புதிய தொடர் பழையதை முந்தியது. அந்தப் பெருந்தொகை கணக்கிலிருந்தே நீங்கிப்போனது.

பிளாக்செயினுக்கு நம்மிடம் புழங்கும் விளக்கங்களில் முதலில் வருவது ‘மாற்ற முடியாத பதிவேடு’ என்பது. மாற்ற முடியாத அந்தப் பதிவேட்டில் இல்லாத காசு ஏறியது, பிறகு இறங்கியது. ஏற்றியதும் நிரல், இறக்கியதும் நிரல். எது செல்லும், எது செல்லாது என்பதை ஆயிரக்கணக்கான கணினிகளில் ஓடும் ஒரு மென்பொருள்தான் தீர்மானிக்கிறது. அந்த மென்பொருளை யாரும் வாசிக்கலாம், தன் கணினியில் தானே கட்டிக்கொள்ளலாம், உடன்பாடு இல்லையென்றால் வேறொன்றை ஓட்டலாம் என்ற நிலை இருக்கும்வரைதான் பிளாக்செயின் என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு என்பது என் கருத்து. கூடவே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நிரலைத் திறந்துவைத்தால் வாசிக்க அனுமதி கிடைக்கும். வாசிப்பவர் தானாக வந்து உட்கார்ந்துவிட மாட்டார். இத்துறையின் பெரிய விபத்துகளில் பல அந்த இடைவெளியில் நடந்தவை.

நம் வங்கியின் மென்பொருள் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. தெரியாததால் தூக்கம் கெடுவதும் இல்லை. வங்கிக்குப் பின்னால் ரிசர்வ் வங்கி இருக்கிறது, தணிக்கை இருக்கிறது, குறைதீர்ப்பாளர் இருக்கிறார், நீதிமன்றம் இருக்கிறது. பிட்காயினில் மனுக் கொடுக்க ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. அந்த இடத்தை நிரப்புவது நோடு எனப்படும் சரிபார்ப்புக் கணினி. 2009 ஜனவரி 3 தேதியிட்ட முதல் பிளாக்கிலிருந்து தொடங்கி, கையொப்பம் சரியா, அதே காசு இரண்டு முறை செலவாகிறதா, புதிய காசு விதித்த அளவில்தான் பிறக்கிறதா என்று தன் வீட்டிலேயே சரிபார்க்க யாருக்கும் வழி இருக்கிறது. இந்தச் சோதனைகளைச் செய்யும் நிரல் மூடியிருந்தால், சோதனை நடக்கிறது என்ற நிறுவனத்தின் வாக்குறுதி மட்டுமே மிஞ்சும். அப்படி ஒரு நிறுவனத்தை நம்புவதாக இருந்தால் சாதாரணத் தரவுத்தளமே போதும். அது வேகமாகவும் மலிவாகவும் ஓடும்.

சடோஷி 2009 ஜனவரியில் முதல் பதிப்பை வெளியிட்டபோதே மூல நிரலையும் எம்ஐடி உரிமத்தில் கொடுத்துவிட்டார். எடுத்துக்கொள், மாற்று, விற்கவும் செய் என்று சொல்லும் தாராளமான உரிமம் அது. 2011-இல் லைட்காயின் என்ற நாணயம் அந்த நிரலிலிருந்து பிறந்தது. 2016-இல் ஸிகேஷ் நாணயம் பிறந்ததும் அதே வேரிலிருந்துதான். எதிரியம் என்ற இன்னொரு பிளாக்செயினின் முதன்மை மென்பொருளான கெத், குனு உரிமங்களின் கீழ் வருகிறது. நிறுவனங்கள் விரும்பும் ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் அப்பாச்சி உரிமத்தில் வருகிறது. விதிவிலக்கும் உண்டு. யூனிஸ்வாப் என்ற நாணயப் பரிமாற்றத் தளம் 2021-இல் மூன்றாம் பதிப்பை வெளியிட்டபோது, நிரலை வாசிக்கலாம், குறிப்பிட்ட காலம்வரை வணிகத்துக்கு நகலெடுக்கக் கூடாது என்ற உரிமத்தைத் தேர்ந்தது. முந்தைய பதிப்பை நகலெடுத்து 2020-இல் சுஷிஸ்வாப் உருவானதைப் பார்த்தவர்களுக்கு இந்த முடிவின் காரணம் விளங்கும். வாசிக்கும் உரிமை இருந்து பிரிந்துபோகும் உரிமை இல்லாத இந்த நிலையை நான் அரைத் திறப்பு என்றே சொல்வேன்.

ஏனென்றால் பிரிந்துபோகும் உரிமைதான் இங்கே அதிகாரத்துக்குக் கடிவாளம். 2017-ஐ எடுத்துக்கொள்வோம். பிட்காயின் பிளாக்கின் அளவைப் பெருக்க வேண்டுமா என்ற சண்டை சில ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. அந்த மே மாதம் 50-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் நியூயார்க்கில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. புதிய பிளாக்குகளைக் கட்டும் வேலையான மைனிங்கின் மொத்த ஆற்றலில் 80 விழுக்காட்டுக்கு மேல் தங்கள் பக்கம் இருப்பதாக அறிவித்தன. பணம், இயந்திரம், வாடிக்கையாளர்கள் எல்லாம் அவர்களிடம் இருந்தன. ஆனால் நோடு ஓட்டிய சாதாரணப் பயனாளர்களில் பெரும்பாலோர் அவர்களுடைய மென்பொருளை இறக்க மறுத்தார்கள். நவம்பர் 8 அன்று அந்தத் திட்டத்தை முன்னெடுத்தவர்களே கைவிட்டார்கள். பெரிய பிளாக் வேண்டும் என்று மனப்பூர்வமாக நம்பிய வேறு சிலர் அதற்கு முன்பே, ஆகஸ்டு 1 அன்று, நிரலை எடுத்துக்கொண்டு பிட்காயின் கேஷ் என்று தனிக்குடித்தனம் போயிருந்தார்கள். தோற்றவருக்கும் வாசல் திறந்திருந்தது. நிரல் ஒரு நிறுவனத்தின் சொத்தாக இருந்திருந்தால், அந்த நிறுவனத்தின் இயக்குநர் குழு ஒரு பிற்பகலில் கூடிப் பேசி முடித்திருக்கும்.

எதிரியத்தில் இதே உரிமை வேறு விதமாக வேலை செய்தது. 2016 ஜூன் 17 அன்று ‘தி டாவோ’ என்ற பொது முதலீட்டு ஒப்பந்தத்திலிருந்து ஒரு பிழையைப் பயன்படுத்திச் சுமார் 36 லட்சம் ஈதர் (எதிரியத்தின் நாணயம்) உருவப்பட்டது. ஜூலை 20 அன்று 19,20,000-ஆவது பிளாக்கில் நிரலை மாற்றி, அந்தப் பணத்தை முதலீட்டாளர்கள் திரும்பப் பெற வழி செய்தார்கள். நடந்தது நடந்ததுதான், ஏட்டைத் திருத்தக் கூடாது என்றவர்கள் பழைய நிரலையே ஓட்டினார்கள். அது இன்றும் எதிரியம் கிளாசிக் என்ற பெயரில் ஓடுகிறது. யார் சொன்னது சரி என்று எனக்கும் ஒரு கருத்து உண்டு: களவுபோன பணத்தைத் திருப்பியது நியாயம். ஆனால் அந்த நியாயத்தை ஏற்காதவர் மேல் அதைத் திணிக்க வழியில்லாமல் இருந்தது, அந்த நியாயத்தைக் காட்டிலும் முக்கியம்.

ஒரே நிரலை எல்லோரும் ஓட்டுவது நல்லதா, பலர் பல விதமாக எழுதி ஓட்டுவது நல்லதா என்ற கேள்வியில் இந்த இரண்டு சமூகங்களும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. பிட்காயினுக்கு இரண்டாவதாக ஒரு மென்பொருள் எழுதப்படுவதைச் சடோஷி விரும்பவில்லை. அந்த அச்சத்துக்கு 2013 மார்ச்சில் சான்று கிடைத்தது. பிட்காயின் 0.8 பதிப்பு பழைய பெர்க்லி தரவுத்தளத்தை விட்டு லெவல்டிபிக்கு மாறியிருந்தது. வேறு மாற்றம் எதுவும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 225,430-ஆவது பிளாக் சற்றுப் பெரிதாக வந்தது. ஒரே நேரத்தில் இத்தனை பூட்டுகள்தான் போடலாம் என்று பெர்க்லி தரவுத்தளத்தில் ஒரு வரம்பு இருந்ததால், 0.7-ஐ ஓட்டியவர்களின் கணினிகள் அந்தப் பிளாக்கை மறுத்தன. புதிய பதிப்பு ஏற்றது. கணக்கேடு இரண்டாகப் பிளந்தது. யாரும் விதி என்று எழுதாத ஒரு தரவுத்தள அமைப்பு, யாருக்கும் தெரியாமலே விதியாக இருந்திருக்கிறது! பெரிய மைனிங் குழுக்கள் பழைய பதிப்புக்கே திரும்பிப்போய் ஏட்டை ஒன்றாக்கின.

எதிரியம் இதற்கு நேர்மாறான பாடத்தைக் கற்றது. 2016 இலையுதிர் காலத்தில் அதன் நிரலாளர்கள் ஷாங்காய் மாநாட்டுக்குப் போயிருந்த நேரத்தில், கெத் ஓடிய கணினிகளைத் திணறடித்து விழச் செய்யும் தாக்குதல் தொடங்கியது. ரஸ்ட் மொழியில் தனியாக எழுதப்பட்ட பாரிட்டி மென்பொருள் அப்போது தாக்குப்பிடித்து வலையமைப்பை ஓட வைத்தது. அங்கே விதி நிரலுக்கு வெளியே, கவின் வுட் எழுதிய மஞ்சள் தாள் என்ற ஆவணத்தில் இருந்தது. அதைப் பார்த்து யாரும் தம் மொழியில் எழுதலாம். இன்று எதிரியத்தை ஓட்ட கெத், நெதர்மைண்ட், பெசு, எரிகான் என்று பல உண்டு. பலர் பலவாக எழுதும் வழியே பாதுகாப்பானது என்று எனக்குப் படுகிறது. பிட்காயின்காரர்களின் அச்சம் ஆதாரமில்லாதது என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

வாசிக்கும் உரிமையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கட்டும் உரிமையைப் பற்றிப் பேசுபவர் குறைவு. கிட்ஹப் தளத்தில் இருக்கும் மூல நிரலை யாரும் அப்படியே ஓட்டுவதில்லை. கம்பைல் செய்த கோப்பைத்தான் இறக்கி ஓட்டுகிறோம். திறந்திருக்கும் நிரலிலிருந்துதான் அந்தக் கோப்பு வந்தது என்பதற்கு என்ன உத்தரவாதம்? கம்பைலருக்குள்ளேயே கள்ளத்தனத்தை ஒளித்துவைக்க முடியும் என்று கென் தாம்சன் தம் டியூரிங் விருது உரையில் காட்டி 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 2024 மார்ச்சில் எக்ஸ்ஸெட் என்ற சுருக்கு நூலகத்தில் பிடிபட்ட கள்ளக்கதவும் இந்த வகைதான்: பொதுவில் எல்லோரும் பார்க்கும் நிரல் களஞ்சியத்தில் இல்லாத ஒரு துண்டு, வெளியிட்ட தொகுப்பில் மட்டும் இருந்தது.

பிட்காயினின் முதன்மை மென்பொருளான பிட்காயின் கோர் திட்டத்தினர் இதற்குப் படும் பாடு பாராட்டத் தக்கது. முன்பு கிட்டியன் என்ற கருவியாலும், 2021-இல் வந்த 22.0 பதிப்பிலிருந்து குயிக்ஸ் என்ற கருவியாலும், வெவ்வேறு நாடுகளில் இருக்கும் நிரலாளர்கள் ஒவ்வொருவரும் அதே மூல நிரலைத் தம் கணினியில் தனித்தனியே கம்பைல் செய்கிறார்கள். கடிகார நேரம், கோப்புறையின் பெயர் போன்ற வேறுபாடுகள்கூட வெளிவரும் கோப்பைப் பாதிக்காதபடி அந்தக் கருவி சூழலை ஒன்றாக்கிவிடும். ஆகவே எல்லோருக்கும் பைட்டுக்குப் பைட் ஒரே கோப்புதான் வர வேண்டும். வந்த கோப்பின் ஹாஷை, அதாவது அதன் எண் கைரேகையை, அவரவர் கையொப்பமிட்டு வெளியிடுகிறார்கள். ஒருவருடைய ஹாஷ் மாறினால் எங்கோ கோளாறு இருக்கிறது என்று பொருள். இறக்கும் நாமும் நம் கோப்பின் ஹாஷை அந்தக் கையொப்பங்களோடு ஒப்பிடலாம். இதைச் செய்யாத ஒரு பிளாக்செயின் திட்டம் ‘எங்கள் நிரல் திறந்தது’ என்று சொன்னால், பாதிதான் உண்மை.

இவ்வளவுக்குப் பிறகும் பிழை தப்பிக்கும். பல கண்கள் பார்த்தால் எந்தப் பிழையும் மேலோட்டமானதே என்று திறமூல உலகில் ஒரு நம்பிக்கை உண்டு. 2018 செப்டம்பர் அதை அசைத்துப் பார்த்தது. பிளாக்கைச் சரிபார்க்கும் வேகத்தைக் கூட்டுவதற்காக, ஒரே பரிவர்த்தனைக்குள் அதே காசு இரண்டு முறை வருகிறதா என்ற சோதனையை, வேறோரிடத்தில் எப்படியும் நடக்கிறது என்று எண்ணி 2016-இல் தவிர்த்திருந்தார்கள். மிச்சமானது ஒரு மில்லி விநாடிக்கும் குறைவு. அந்த மாற்றத்தை அனுபவசாலிகள் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். 0.15 பதிப்பில் வேறொரு மாற்றமும் சேர்ந்துகொண்டபோது, மைனிங் செய்யும் ஒருவர் இல்லாத காசை உருவாக்க வழி பிறந்துவிட்டது. ஓராண்டு கடந்தும் யார் கண்ணிலும் படவில்லை. கண்டுபிடித்தவர் யார் என்பதுதான் சுவையான செய்தி: 2017-இல் பிரிந்துபோன பிட்காயின் கேஷ் தரப்பில், புனைபெயரில் இயங்கிய ஒரு நிரலாளர். நிரல் பொது என்பதால் பிழையும் பொதுவாக இருந்தது. அவர் நினைத்திருந்தால் காசாக்கியிருக்கலாம். எதிர்முகாமுக்கு ரகசியமாகச் சொல்லி அனுப்பினார். மறுநாளே 0.16.3 பதிப்பு வந்தது. சண்டைக்குப் பிரிந்த வீட்டார் வந்து தீயணைத்த அந்தச் செயலுக்கு இத்துறை எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

ஸிகேஷ் கதை இன்னும் சிக்கலானது. 2018 மார்ச் 1 அன்று அந்த நாணயத்தை உருவாக்கிய நிறுவனத்தின் குறியாக்க அறிஞர் ஏரியல் கபிசான், கள்ளக் காசு அடிக்க இடம் தரும் ஓட்டை ஒன்றைக் கண்டார். அது நிரலில்கூட இல்லை; நிரலுக்கு அடிப்படையான ஆய்வுத்தாளில் இருந்தது. தாளும் நிரலும் பொதுவில்தான் கிடந்தன. நிபுணர்கள் படித்தும் தப்பிவிட்டது. அதை வெளியே சொன்னால் யாரும் பயன்படுத்திவிடலாம் என்பதால் நிறுவனத்துக்குள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களோடு நிறுத்திக்கொண்டு, அக்டோபர் 28 அன்று வந்த பெரிய மேம்பாட்டுக்குள் திருத்தத்தை ஓசையின்றிச் சேர்த்து, 2019 பிப்ரவரியில்தான் உலகுக்குச் சொன்னார்கள். திறந்த அமைப்பைக் காப்பாற்ற, திருத்தம் வரும்வரை எட்டு மாதம் மூடிவைக்க வேண்டியிருந்தது. அது தவறு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த எட்டு மாதமும் ஸிகேஷ் வைத்திருந்தவர்கள் ஒரு சிறு குழுவின் நேர்மையை நம்பித்தான் இருந்தார்கள்.

திறந்து வைத்தால் திருடனும் வாசிப்பானே என்ற கேள்வி எப்போதும் வரும். வாசிப்பான். ஆனால் பிளாக்செயினில் நிரலாக ஓடும் ஸ்மார்ட் ஒப்பந்தம் எதுவானாலும் அதன் இயந்திர வடிவம் சங்கிலியிலேயே கிடக்கிறது. கோடிக்கணக்கான பணம் குறி என்றால், அதைப் பிரித்துப் படிக்கத் திருடனுக்குப் பொறுமை இருக்கும். மூல நிரலை மறைப்பதால் கைகட்டி நிற்பவர்கள் பணம் போடப்போகும் பயனாளரும், சம்பளம் இல்லாமல் சரிபார்க்கும் ஆர்வலரும்தான்.

திறப்பின் எல்லையை மிகக் கொடூரமாகக் காட்டியது 2025 பிப்ரவரி 21. பைபிட் பரிமாற்றகத்திலிருந்து சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் களவு போனது. வட கொரியாவின் வேலை என்று அமெரிக்காவின் எஃப்பிஐ அறிவித்தது. பணம் இருந்தது சேஃப் என்ற வாலட் ஒப்பந்தத்தில். அந்த ஒப்பந்தத்தின் நிரல் திறந்தது, பல முறை தணிக்கை கண்டது. அதில் பிழை இல்லை. திருடர்கள் ஒரு நிரலாளரின் கணினிக்குள் புகுந்து, அங்கிருந்து வாலட்டின் இணையப் பக்கத்தை வழங்கும் ஜாவாஸ்கிரிப்டை மாற்றினார்கள். கையொப்பமிட்ட அதிகாரிகளின் திரையில் வழக்கமான பணமாற்றம் தெரிந்தது; கையொப்பம் விழுந்தது வேறொன்றில். களஞ்சியத்தில் சுத்தமான நிரல், திரையில் கெட்ட நிரல். சங்கிலிக்குப் பட்ட பாட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூட இத்துறை திரைக்குப் படவில்லை என்பது என் ஆதங்கம்.

அதற்கு முன் 2018-இல் நடந்த இன்னொன்று என்னை அதிகம் பாதித்தது. ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற சிறு ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் வாரத்துக்குப் பல லட்சம் முறை இறக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அதை எழுதியவருக்கு அதனால் ஒரு காசு வருமானம் இல்லை. அவர் அதைப் பயன்படுத்துவதையே நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. பராமரிக்கிறேன் என்று ஒருவர் முன்வந்தார், கொடுத்துவிட்டார். வந்தவர் அதற்குள் கோபே என்ற பிட்காயின் வாலட்டைக் குறிவைத்துத் திருட்டு நிரலைச் செருகினார். செய்தி வெளிவந்ததும் பலர் திட்டியது பழைய ஆசிரியரை. இலவசமாக உழைத்தவனிடம் காவல் வேலையையும் எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

உழைப்புக்கு யார் கூலி கொடுப்பது என்ற கேள்விக்கு இத்துறை இன்னும் உருப்படியான பதில் வைத்திருக்கவில்லை. 2015-இல் பிட்காயின் அறக்கட்டளை பணமின்றித் தள்ளாடியபோது, எம்ஐடியின் டிஜிட்டல் நாணய ஆய்வு மையம் முக்கிய நிரலாளர்கள் மூவருக்குச் சம்பளம் கொடுக்க முன்வந்தது. இப்போது செயின்கோட் லேப்ஸ், பிரிங்க், ஓப்பன்சாட்ஸ் போன்ற அமைப்புகள் உதவித்தொகை தருகின்றன. பிட்காயினின் சந்தை மதிப்பு 2021-லேயே ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. அதைத் தாங்கும் நிரலை ஆழமாகப் படித்துச் சரிபார்க்கத் தகுதியுள்ளவர்கள் சில பத்துப் பேர். அவர்களுக்கு ஒரே இடத்திலிருந்து பணம் வந்தால் அந்த இடம் எஜமான் ஆகிவிடும். பல சிறு வாசல்களிலிருந்து பணம் வரும் இன்றைய ஏற்பாடு குழப்பமானதுதான். ஆயினும் அதையே நான் விரும்புகிறேன்.

இந்த நிரலாளர்கள் சட்டத்தின் முன் யார் என்பதும் தீராத வழக்கு. 2022 ஆகஸ்டு 8 அன்று அமெரிக்க நிதித்துறை, பரிவர்த்தனைத் தடத்தை மறைக்கும் டொர்னாடோ கேஷ் என்ற நிரலைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. இரண்டு நாளில் அதன் நிரலாளர் ஒருவர் நெதர்லாந்தில் கைதானார். 2024-இல் தண்டிக்கவும் பட்டார். கிட்ஹப் அந்தக் களஞ்சியத்தை நீக்கியது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் மேத்யூ கிரீன் கற்பிக்கவும் ஆராயவும் வேண்டும் என்று அதை மீண்டும் ஏற்றினார். 2024 நவம்பரில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, யாராலும் மாற்ற முடியாத நிரலை ஒருவரின் சொத்து என்று கருதித் தடைசெய்ய முடியாது என்றது; மறு மார்ச்சில் தடை நீங்கியது. குற்றவாளிகள் அந்த நிரலைப் பயன்படுத்தியது உண்மை. ஆனாலும் நிரலை எழுதி வெளியிட்டதே குற்றம் என்றாகிவிட்டால், வாசிக்கவும் திருத்தவும் துணிந்து வருபவர் இருக்க மாட்டார்.

இதுவரை பேசியது யாரும் சேரக்கூடிய பொதுச் சங்கிலிகளை. அரசுகளும் வங்கிகளும் விரும்புவது அழைத்தவர் மட்டும் சேரும் சங்கிலி. 2015 டிசம்பரில் லினக்ஸ் அறக்கட்டளை ஹைப்பர்லெட்ஜர் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து இதற்கும் நல்ல திறமூல அடித்தளம் கிடைத்துவிட்டது. சிக்கல் அடித்தளத்துக்கு மேலே கட்டப்படும் மாடியில். அடியில் இருப்பது திறமூலம் என்று டெண்டரில் எழுதிவிட்டு, மேலே எது செல்லும் என்று முடிவு செய்யும் ஒப்பந்த நிரலை ஒப்பந்ததாரர் பூட்டி வைத்துக்கொள்ளலாம். ஏலச்சீட்டு நடத்துபவர் கணக்கு நோட்டின் நகலை எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டு, கழிவு போடும் முறையை மட்டும் தன் மனதுக்குள் வைத்துக்கொள்வதைப் போன்றது அது.

தமிழ்நாடு அரசு 2020-இல் பிளாக்செயின் கொள்கை வெளியிட்டது. நம்பிக்கை இணையம் என்ற பெயரில் மாநிலத்துக்கான பிளாக்செயின் கட்டமைப்பும், சான்றிதழ்களை வைத்துக்கொள்ள இ-பெட்டகம் செயலியும் வந்தன. அரசுச் செயலிகளின் மூல நிரலைத் திறந்து கூட்டாக உருவாக்கும் கொள்கையை ஒன்றிய அரசு 2015-லேயே அறிவித்திருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது கேட்க வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. சான்றிதழைச் சரிபார்க்கும் ஒப்பந்த நிரல் பொதுவில் இருக்க வேண்டும். செயலியின் ஒவ்வொரு பதிப்பையும் வெளியாள் கட்டிப் பார்த்து ஹாஷை ஒப்பிட வழி வேண்டும். நோடுகள் எல்லாம் ஒரே துறையின் ஒரே தரவு மையத்தில் இல்லாமல், பல்கலைக்கழகங்களிலும் நீதித்துறையிலும் தணிக்கைத் துறையிலும் ஓட வேண்டும். பிழை கண்டு சொல்பவருக்கு வெகுமதியும், அவர் மேல் வழக்குப் பாயாது என்ற எழுத்துபூர்வ உறுதியும் வேண்டும். ஆண்டுப் பராமரிப்புச் செலவில் ஒரு பங்கு, அந்தக் கட்டமைப்பு நம்பியிருக்கும் திறமூலத் திட்டங்களுக்கே திரும்பிப் போக வேண்டும். அடுத்த டெண்டர் அறிவிப்பு வரும்போது இந்த ஐந்தும் நிபந்தனைகளில் இருக்கின்றனவா என்று நம் பொறியியல் கல்லூரி மாணவர்களும் பத்திரிகையாளர்களும் பார்த்து எழுதினால், அந்த வேலை தொடங்கிவிடும்.